தொண்ணூற்றைந்து இருக்கைகள்

— அப்ப உன்ர பெண்சாதியின்ர கப்டன் தொப்பியைக் கழட்டிறதுக்கு நீயே கை தூக்கப்போறாய்?

— றெஜி அண்ணை, நான் கையே தூக்கேலாது எண்டுதானே டோர்ட்மண்டில இருந்து சொல்லிக்கொண்டு வாறன். நீங்கள் முதல் றோட்டைப் பாருங்கோ.

— றோட்டில என்னடா பாக்கிறது. டுயிஸ்பூர்க் பாலத்தில இருந்து எல்லாம் ஷ்டாவ், வாகனம் ஒண்டும் அசையேல்லை. முன்னுக்கு நிக்கிற வானும் எங்கட ஆக்கள்தான், கெவலார் மாதாவிட்டப் போற சனம். கண்ணாடிக்குள்ளால பார், ஒரு வீட்டுச் சமையல் முழுக்க உள்ளுக்கு இருக்கு. பூசைக்கு முதல் போய்ச் சேர்ந்தால் அதுவே மாதாவின்ர புதுமை. நீ ஆறுதலாச் சொல்லு. எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.

— லிசா, நீராவது சொல்லுமன்.

— நான் ஏன் சொல்லுவான். உங்கட அண்ணை, உங்கட யூனியன். நான் பின்னுக்கு இருந்து ரோல்ஸ் சாப்பிடுறன்.

— எனக்கும் ஒண்டு தா பிள்ளை. கை துடைக்கக் கடதாசியும் தா, ஸ்ரேறிங் எண்ணெயாப் போகும். சரி, தம்பி, தொடங்கு.

— அதாவது அண்ணை, நான் பறக்கிறது பெரிய கொம்பனி. லிசா பறக்கிறது சின்னக் கொம்பனி.

— அது எனக்குத் தெரியாதோ. ரெண்டு பிளேனின்ர வாலிலயும் ஒரே நிறம். நான் எங்கட பஸ் டிப்போவில ஆகாயத்தில எது போனாலும் காட்டி, அதில எங்கட பிள்ளை ஒண்டு கப்டன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் நிக்கிறன். அவங்களும் ஓம் ஓம் எண்டுவாங்கள்.

— அண்ணை, அதில பாதி சாமான் ஏத்திற பிளேன்.

— அதுக்கும் கப்டன் இருப்பான்தானே. நீ ரோல்ஸைச் சாப்பிடு பிள்ளை, அவன் சொல்லட்டும்.

— நிறமும் ஒண்டு, ரிக்கற்றும் ஒண்டு. ஒருத்தர் பிரேமனில இருந்து மியூனிச்சுக்குப் போறார் எண்டால், ரிக்கற்றை விக்கிறது எங்கட பெரிய கொம்பனி. ஓட்டிறது லிசாவின்ர ஆக்கள். சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. அவையள் எங்களை விட மலிவு. சின்ன ஊருகளுக்குச் சின்னப் பிளேன், மலிவான கொம்பனி. அதுதான் கணக்கு.

— எங்கட பஸ் மாதிரிச் சொல்லு. பஸ்ஸில நகரக் கொம்பனியின்ர நிறம், நான் போடிற சேட்டிலயும் அவையின்ர சின்னம், சம்பளம் மட்டும் எங்கட முதலாளியின்ர.

— அதேதான். அப்ப உங்கட நகரக் கொம்பனி ஏன் எல்லா லைனையும் உங்கட முதலாளியிட்டக் குடுக்கேல்லை? நீங்கள்தானே மலிவு.

— விடுவினமோ? அங்க யூனியன் இருக்கு. நடுவில மடியிற நீளப் பஸ் எல்லாம் தங்கட ஆக்கள்தான் ஓட்டோணும் எண்டு எழுதி வைச்சிருக்கினம். எங்களுக்குக் கட்டைப் பஸ்தான். நான் இருபது வருசம் ஓட்டிறன், அந்த நீளப் பஸ்ஸின்ர சாவியைக் கையில தொட்டதில்லை.

— பாத்தீங்களோ, நான் சொல்ல ஒண்டும் மிச்சமில்லை. எங்கட ஒப்பந்தத்திலயும் அப்பிடி ஒரு வரி இருக்கு. தொண்ணூற்றைந்து இருக்கைக்கு மேல போனால், அந்தப் பிளேனை எங்கட பட்டியலில இருக்கிற பைலற்தான் ஓட்டலாம். அதுக்குக் கீழ எண்டால் கொம்பனி ஆரிட்டயும் குடுக்கலாம்.

— அந்த ஒரு வரியாலதான் அண்ணை எங்கட சின்னக் கொம்பனியே பிறந்தது. நான் பறக்கிற பிளேனைச் செய்தவன் நூற்றுக்கு மேல வைக்கலாம் எண்டுதான் செய்தவன். இவையின்ர வரிக்காகத் தொண்ணூற்றைந்தோட நிப்பாட்டி, பின்னுக்கு மிஞ்சின இடத்தில ஒரு அலுமாரி வைச்சிருக்கினம்.

— பிளேனுக்குள்ள அலுமாரியோ?

— ஓம். வடிவான அலுமாரி. கதவு, பூட்டு எல்லாம் இருக்கு.

— உள்ளுக்கு என்ன?

— ஒண்டுமில்லை. குளிர் நேரத்தில சனம் கோட் கொழுவும். வெயில் நேரத்தில சும்மா பறக்கும். ஒரு நாளைக்கு ஐஞ்சு தரம் வெறும் அலுமாரியைக் கொண்டுபோய் இறக்கிப்போட்டு வாறன்.

— அட கோதாரி. ஒரு வரி எழுதினதுக்காக ஒரு அலுமாரி காலம் முழுக்கப் பறக்குதோ. எழுதினவன் பெரிய ஆள்தான்.

— பெரிய ஆக்கள்தான் அண்ணை. அதை எழுதின காலத்தில அவையளுக்கு ஒரு குறையுமில்லை. நல்ல வேலை, நல்ல பென்சன். தங்களுக்குப் பிறகு வாறவனுக்கு வேலை இருக்கோணும் எண்டு யோசிச்சு எழுதினவை. நான் அந்த வரிக்குள்ளதான் சோறு சாப்பிடுறன். அதாலதான் ஒப்பந்தம் பேசிற இந்த யூனியன் கொமிசனுக்கு வா எண்டு கேட்டவுடன ஓம் எண்டனான்.

— சரி, வரி இருக்கு, அலுமாரி இருக்கு. இப்ப என்ன பிரச்சினை? திங்கட்கிழமை பிராங்ஃபுர்ட்டில எதுக்குக் கை தூக்கிறியள்?

— லிசாவின்ர பிளேன் எல்லாம் கிழடு. மாத்தோணும். கொம்பனி வாங்கப்போற புதுப் பிளேனில நூற்றிருபது இருக்கை. அது அந்த வரிக்குள்ள அடங்காது. அப்ப மேசையில ரெண்டு யோசனை கிடக்கு. ஒண்டு, வரியைத் தளர்த்தி நூற்றிருபது எண்டு மாத்திறது. புதுப் பிளேன் சின்னக் கொம்பனிக்குப் போகும், எங்களுக்கு அதுக்குப் பதிலாக் கொஞ்சம் லீவு கூடும்.

— மற்றது?

— மற்றது நாங்கள் சொன்னது. வரி அப்பிடியே கிடக்கட்டும். புதுப் பிளேன் எங்கட பட்டியலுக்கு வரட்டும், சின்னக் கொம்பனி பைலற்மாரும் அதோட எங்களிட்ட வரட்டும். சின்னக் கொம்பனியை மூடட்டும். கொம்பனி முகத்தைச் சுழிச்சுக்கொண்டு, சரி, ரெண்டில ஒண்டை நீங்களே எடுங்கோ எண்டு விட்டிருக்கு.

— ரெண்டாவது நல்லாத்தானே இருக்கு. பிள்ளையும் பெரிய கொம்பனிக்கு வந்திடும். ரெண்டு பேரும் ஒரே கன்ரீனில சாப்பிடலாம்.

— வருவா அண்ணை. பட்டியலின்ர அடியில.

— என்ன அடி?

— எங்கட இடத்தில எல்லாம் பட்டியல்தான். ஆர் எப்ப சேர்ந்தவர் எண்ட வரிசை. எப்ப கப்டன் ஆகலாம், எந்த நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டில நிக்கலாம், எல்லாம் அந்த வரிசைதான் சொல்லும். எவ்வளவு வடிவா ஓட்டுறீர் எண்டு ஒருத்தரும் கேளாயினம். புதுசா வாறவர் கடைசி. லிசா பன்னிரண்டு வருசமாக் கப்டன். எங்களிட்ட வந்தால் தோள்பட்டையில ஒரு கோடு கழட்டிப்போட்டு, துணைப் பைலற்றா வலப்பக்கக் கதிரையில இருக்கோணும். அவவின்ர முறை வந்து திருப்பி இடப்பக்கம் மாறேக்க பென்சனுக்கு எழுதிற வயசு வந்திடும்.

— இது என்ன அநியாயம். ரெண்டு பேரும் பிரேமனில ஒரே பள்ளிக்கூடத்திலதானே படிச்சனீங்கள்.

— ஓம். எனக்கு அடுத்த கோர்ஸ் அவ. மாக்ஸ் எல்லாம் என்னை விடக் கூட. நான் உள்ளுக்குப் போனவுடன பெரிய கொம்பனி கதவைச் சாத்திப்போட்டுது, மூண்டு வருசம் ஒருத்தரையும் எடுக்கேல்லை. அவ சின்னக் கொம்பனிக்குப் போனா. எனக்கும் அவவுக்கும் இடையில இருக்கிறது அந்தக் கதவு மட்டும்தான்.

— இவருக்கு நல்ல வாய். கலியாணத்துக்கு முதலும் இப்பிடித்தான் சொல்லித் திரிஞ்சவர்.

— பொய்யில்லை லிசா. அண்ணை, நான் உங்களுக்கு ஹம்பூர்க் கதை சொன்னனானோ?

— எந்தக் கதை?

— வேண்டாம், விடுங்கோ. இவர் இதை ஒவ்வொரு பேர்த்டேயிலயும் சொல்லுவார்.

— நான் கேக்கேல்லைப் பிள்ளை. நான் எல்லாப் பேர்த்டேயிலயும் வேலையில நிண்டனான். சொல்லடா.

— போன பங்குனி மாதம். அவவின்ர பிளேனில நான் பயணியாப் போறன், கடைசி வரிசை, அந்த அலுமாரிக்குப் பக்கத்தில. ஹம்பூர்க்கில சரியான காத்து. எங்களுக்கு முன்னால போன பிளேன் எல்லாம் இறங்குது. பெரிய பிளேனும் இறங்குது. எங்கட ஆக்கள். இவ கொண்டுவாறா, கொண்டுவாறா, எனக்குப் புல்லுத் தெரியுது. பக்கத்தில இருந்த ஜெர்மன்காரர் என்ர கையைப் பிடிச்சிட்டார். சில்லு நிலத்தில முட்டப்போற நேரம், திருப்பி மேல இழுத்திட்டா.

— ஐயோ.

— நிமிர்ந்து, சுத்தி, ஆறுதலா மைக்கில வந்து என்ன சொன்னவ தெரியுமோ? இந்தக் காத்து எனக்குப் பிடிக்கேல்லை, நாங்கள் ஹனோவருக்குப் போறம், அங்க காத்துக் கொஞ்சம் மரியாதையானது எண்டா. ஜெர்மன்காரர் சிரிச்சிட்டார். என்ர கையை விட மறந்துபோனார், அது வேற.

— மற்றவை எல்லாம் இறங்கினவை எண்டாய்?

— இறங்கினவை. கொம்பனியில இருந்து அவவைக் கேட்டவையாம், எல்லாரும் இறங்கேக்க உமக்கு என்ன நடந்தது எண்டு. மற்றவை இறங்கினது மற்றவையின்ர காத்தில எண்டு சொல்லியிருக்கிறா. அண்ணை, நானெண்டால் இறக்கியிருப்பன். முன்னுக்குப் போனவன் இறக்கினவன் எண்டதுக்காகவே இறக்கியிருப்பன். நான் பறக்கத் தொடங்கி இவ்வளவு காலத்தில கனபேரோட பறந்திருக்கிறன். வெட்கத்தை விட்டிட்டு, ஏலாது, திரும்புவம் எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் கொஞ்சப்பேர்தான். அதில முதல் ஆள் இவ. உள்ளதைச் சொல்லுறன்.

— சரி, அடுத்தது. முன்னுக்கு வாகனம் அசையுது அண்ணை.

— அசையட்டும். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சுப் பிள்ளை. இப்பிடிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய் வலப்பக்கக் கதிரையில இருத்திறதோ? கிறிஸ்தோ, வடிவாக் கேள். நீ அந்த முதலாவது யோசனைக்குத்தான் கை தூக்கோணும். நூற்றிருபதுக்கு. வீட்டை விடப் பெரிய யூனியன் இல்லை.

— அண்ணை, எங்கட கொமிசனில ஒரு விதி. முடிவு எந்தக் கொம்பனியைத் தாக்குதோ, அந்தக் கொம்பனியில வீட்டு ஆள் வேலை செய்தால், வாக்கெடுக்கேக்க எழும்பி அறைக்கு வெளிய போகோணும். நான் வெளிய போறன். கதவைச் சாத்திப்போட்டு மற்ற எட்டுப் பேரும் கை தூக்குவினம்.

— அது எப்பிடி அவங்களுக்குத் தெரியும், இவ உன்ர பெண்சாதி எண்டு? உனக்கும் எனக்கும் கடைசிப் பேர் அருளப்பு. இவவுக்குச் சவிரிமுத்து. வெள்ளைக்காரருக்கு அது ரெண்டு வேற சாதிசனம். கந்தோரில அவரவர் தேப்பன்ர பேரைக் குடும்பப் பேராப் பதிஞ்சதால வந்த ஒரே ஒரு நன்மை அதுதானே.

— ஒருத்தருக்கும் தெரியாதுதான் அண்ணை. இவர்தான் முதல் கூட்டத்திலயே எழும்பி, சவிரிமுத்து கப்டன் என்ர மனிசி எண்டு சொல்லிப்போட்டு வந்தவர்.

— நீயே போய்ச் சொன்னனியோ?

— சொல்லத்தானே வேணும்.

— விசரன். சின்னனில கோயிலில காய்ச்சின கஞ்சியில ரெண்டாந்தரம் வாங்கினதுக்கும் சாமியாரிட்டப் போய்ச் சொன்னவன்தானே நீ.

— அண்ணை, அவரைப் பேசாதேங்கோ. அந்தக் குணத்துக்காகத்தான் நான் இவரைக் கட்டினது.

— சரி, கட்டினது கட்டினதுதான். அப்ப எட்டுப் பேர் தூக்கினால் என்ன முடிவு வரும்?

— நாலு நாலு. எல்லாருக்கும் எல்லாற்ற மனசும் தெரியும். சரிபாதி எண்டால் தலைவரின்ர பக்கம்தான் முடிவு. தலைவர் வாற வருசம் பென்சன் எடுக்கிறவர், சண்டை வேண்டாம் எண்டுறார். நூற்றிருபது பக்கம்.

— அப்ப லிசாவுக்கு ஒண்டும் நடக்காது. நீ வெளிய போய்க் கோப்பியைக் குடி. அவை கை தூக்கட்டும். லிசா கப்டனா இருக்கட்டும். மாதாவே, இதுக்கு ஏன்டா மூஞ்சையை நீட்டிக்கொண்டு வாறாய். நான் ரெண்டு மெழுகுதிரி கூடக் கொழுத்திறன்.

— எனக்கெண்டு கொழுத்தாதேங்கோ அண்ணை.

— ஏன் பிள்ளை?

— எனக்கு அந்த முடிவு பிடிக்கேல்லை.

— என்ன சொல்லுறாய்? உன்ர கதிரை மிஞ்சுது.

— மிஞ்சுது. அது மட்டுமில்லை, புதுப் பிளேன் வந்தால் மற்றக் கப்டன்மாரைப் பழக்கிறதுக்கு நான்தான் தலை எண்டு போன கிழமை கூப்பிட்டுச் சொல்லிப்போட்டினம். அந்தப் பிளேனின்ர படத்தைப் பாத்துக்கொண்டே இருந்தனான், அப்பிடி வடிவு. எனக்கு ஆசையில்லை எண்டு சொல்லமாட்டன்.

— பிறகென்ன?

— அண்ணை, உங்களிட்டயே கேக்கிறன். நாளைக்கு உங்கட நகரக் கொம்பனி நீளப் பஸ்ஸையும் உங்கட முதலாளியிட்டக் குடுத்தால் என்ன நடக்கும்?

— நான் நீளப் பஸ் ஓட்டுவன்.

— அதே சம்பளத்துக்கு.

— ம்.

— அதுக்குப் பிறகு உங்களை விட மலிவா ஒரு முதலாளி வந்தால்?

— அவன்ர ஆக்கள் ஓட்டுவாங்கள். நான் வீட்டில இருப்பன்.

— அப்ப நீங்கள் எந்த வரியைக் காட்டி, இது என்ர பஸ் எண்டு கேப்பீங்கள்?

— உவ பின்னுக்கு இருந்து என்னை விசாரிக்கிறா, கிறிஸ்தோ.

— விசாரிப்பா அண்ணை. எனக்கு இது ரெண்டு மாதமா நடக்குது.

— எங்களுக்கு இந்தப் பிளேனைத் தாறது நாங்கள் வடிவா ஓட்டுறம் எண்டு இல்லை. மலிவா ஓட்டுறம் எண்டு. இண்டைக்கு நூற்றிருபது. பேந்து நூற்றைம்பது. இப்பவே புதுசா இன்னொரு கொம்பனி திறக்கிற கதை அடிபடுது, அங்க ஒப்பந்தமே இல்லை. இவையின்ர வரி போனால் எங்களுக்குப் பின்னுக்கு ஒதுங்க ஒரு சுவரும் இல்லை. என்னோட வலப்பக்கத்தில யோஹன்னா எண்டொரு பெட்டை பறக்கிறாள். இருபத்தாறு வயசு. என்னை விட நல்லா வருவாள். அவள் எங்களோட இருந்தால் முப்பது வருசமும் அரைச் சம்பளம்தான். பட்டியலுக்குப் போனால் அடியில தொடங்கினாலும் அவளுக்கு ஏற நேரம் இருக்கு. எங்களில முக்கால்வாசிப் பேர் அவளின்ர வயசுதான்.

— அவளுக்கு நேரம் இருக்கு. உமக்கு இல்லை.

— எனக்கு இல்லை. சரி, அடுத்தது.

— அடுத்தது எண்டு சொல்லித் தாண்டாதேயும் லிசா. இது என்ன செக்லிஸ்ற்றே.

— சரி, தாண்டேல்லை. இடப்பக்கக் கதிரையில இருந்து, கதவு சாத்தினவுடன எல்லாம் என்ர பொறுப்பு எண்டு வாற அந்த நிமிசம் எனக்கு உயிர். ஆனால் எனக்காக எங்கட கொம்பனியின்ர இளம் பெடியள் நூற்றைம்பது பேர் ஆயுள் முழுக்க மலிவாக் கிடக்கோணும் எண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை. அவ்வளவுதான்.

— பிள்ளை, நீ இதை உங்கட ஆக்களிட்டச் சொன்னனியோ?

— எல்லாரிட்டயும் சொன்னனான். என்ர வயசுக் கப்டன்மார் கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம். அதில ஞாயமும் இருக்கு. அவையின்ர கதிரையும்தானே.

— பார் தம்பி. நான் இவவை டிப்போவில புழுகினதில பிழையில்லை. இன்னும் புழுகியிருக்கோணும்.

— அண்ணை, அந்த லேன் போகுது, மாறுங்கோ.

— மாறுறன். கிறிஸ்தோ, இப்ப நீ சொல்லு. விதியை விடு. நீ அறைக்குள்ள இருந்தால் எதுக்குக் கை தூக்குவாய்?

— அதைக் கேக்காதேங்கோ அண்ணை.

— நானும் அதைத்தான் ரெண்டு மாதமாக் கேக்கிறன். இவர் ஒவ்வொருக்காவும் விதியைத்தான் சொல்லுறார். விதி இப்பிடி, விதி அப்பிடி. நாலு நாலு எண்டு எண்ணத் தெரியுது. ஒம்பதாவது ஆள் வெளிய நிண்டு கோப்பி குடிச்சால் எது வெல்லும் எண்டும் தெரியுது.

— லிசா, நான் அந்த விதியை எழுதேல்லை.

— இல்லை. ஆனால் அது இருக்கிறதில உங்களுக்குச் சந்தோசம். இஞ்சேருங்கோ, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ, இல்லையெண்டு.

— திரும்பினால் கழுத்து நோகுது.

— கண்ணாடியில பாருங்கோ.

— சரி. சந்தோசம்தான். கேட்டியள்தானே, சொல்லுறன். நான் அறைக்குள்ள இருந்தால் நூற்றிருபதுக்குத்தான் தூக்குவன். அது பிழை எண்டு தெரிஞ்சுகொண்டு தூக்குவன். அந்த வரி சரி, நீர் சொல்லுறதெல்லாம் சரி. ஆனால் நீர் விடியக் காலமை எழும்பி, அந்த நாலு கோட்டையும் தோளில கொழுவிக்கொண்டு, கண்ணாடியில ஒருக்காப் பாத்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பீர். நான் நித்திரை மாதிரிக் கிடந்து அதைப் பாக்கிறனான். அதை என்ர கையால கழட்ட எனக்கு ஏலாது. அதாலதான் முதல் நாளே எழும்பிச் சொன்னனான். நேர்மை எண்டு எல்லாரும் தோளில தட்டினவை. பாதிதான் நேர்மை. மற்றப் பாதி ஓட்டம்.

— எனக்குத் தெரியும்.

— தெரியுமோ?

— சிரிக்கேக்க நீங்கள் முழிப்பு எண்டும் தெரியும்.

— டேய், நான் வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கிறன். என்னை அழப்பண்ணாதேங்கோ ரெண்டு பேரும். பிள்ளை, உந்த ரோல்ஸ் இன்னொண்டு தா.

— இந்தாங்கோ. இது மீன்.

— பிள்ளை, வரி நிண்டு, பட்டியலுக்கும் போகாமல் விட்டால் நீ என்ன செய்வாய்? சும்மா கேக்கிறன்.

— லைப்சிக்கில பொதி ஏத்திற கொம்பனி இருக்கு அண்ணை. இரவுப் பறப்பு. பொதி வாந்தி எடுக்காது, கோப்பி கேக்காது, பிந்தினதுக்கு முறைப்பாடும் எழுதாது.

— அங்க கப்டனாவோ?

— இல்லை. வலப்பக்கம். ஆனால் அங்க வரிசை சின்னன். ஐஞ்சாறு வருசத்தில பாக்கலாம் எண்டினம்.

— எண்டினமோ? நீர் கதைச்சனீரோ லிசா?

— கதைச்சனான்.

— எப்ப? என்னட்டச் சொல்லேல்லை.

— நீங்கள் விதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீங்கள். இடையில குழப்பக்கூடாது எண்டு விட்டிட்டன்.

— லிசா, நான் சொல்லுறதைக் கேளும். பட்டியலில அடியெண்டாலும் அது எங்கட பட்டியல். வேலை உறுதி. இரவு வீட்டில நிப்பீர். அதையும் விட்டிட்டு லைப்சிக் எண்டால் அது வீம்பு. உமக்கு என்னத்துக்கு அது? திங்கட்கிழமை எப்பிடியும் நூற்றிருபதுதான் வெல்லப்போகுது. உம்மட கதிரை உம்மட கதிரைதான். உமக்குப் பிடிக்காட்டிலும் அது மிஞ்சும். இந்த ஒருக்கா விட்டிடும்.

— அதுதான் பிள்ளை. அவன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. நல்ல மனசு வேற, தலையெழுத்து வேற. நீ பிழையொண்டும் செய்யேல்லை. அது தானா வருது, வாங்கு. பார், வாகனம் ஓடத் தொடங்கீட்டுது. பூசைக்குப் போயிடுவம் போல.

— அண்ணை, கெவலார் எண்டு போட்டிருக்கிற பலகையில வலப்பக்கம் எடுங்கோ.

— தெரியும், தெரியும். வருசா வருசம் வாறன். கிறிஸ்தோ, திங்கள் விடியவோ வெளிக்கிடுறாய்?

— ஓம், ஐஞ்சு மணி றெயின். லிசாவும் அண்டைக்கு விடியப் பறப்பு, ரெண்டு பேரும் சேர்ந்து வெளிக்கிடலாம். பிரேமன்தானே உமக்கு?

— இல்லை.

— மாத்திப்போட்டினமோ?

— இல்லை, கிறிஸ்தோப்பர்.

— என்ன பிள்ளை, முழுப்பேர் சொல்லுறாய். ஏதோ பெரிசா வருது.

— லிசா?

— பின்னுக்குத் திரும்பாதேங்கோ, கழுத்து நோகும். கண்ணாடியில பாருங்கோ.

— பாக்கிறன். சொல்லும்.

— நேற்றுப் பின்னேரம் கொம்பனிக்குப் போய், ரெண்டு பக்கமும் சம்மதிச்சு, நேற்றோடயே வேலையை விட்டு விலகிறன் எண்டு கையெழுத்து வைச்சிட்டு வந்திட்டன். திங்கட்கிழமை உங்களுக்கு அந்த அறையை விட்டு வெளிய போகவும் ஒரு காரணம் இல்லை, எனக்காகக் கை தூக்கவும் ஒரு கதிரை இல்லை.